அமாவாசைக்கு மட்டும் கூப்பிட்டா காக்கா வராது

2024 ஆகஸ்ட் 4, ஞாயித்துக்கிழமை, ஆடி அமாவாசை. மேடவாக்கம் பக்கத்துல எங்க அபார்ட்மென்ட், நாலாவது மாடி பால்கனி, மணி ஒன்னே கால். புறா வலையை ஒரு ஓரமா அவுத்துவிட்டு, ஏசி அவுட்டோர் யூனிட் மேல வாழை இலையை வச்சு, சோறு, பருப்பு, வாழைக்காய் பொரியல், ஒரு உளுந்த வடை, மேல கொஞ்சம் கருப்பு எள்ளு எல்லாம் போட்டுட்டு நான் கா கா கான்னு கத்திக்கிட்டு இருக்கேன். அஞ்சு நிமிசம் இல்ல, நாப்பது நிமிசமா கத்துறேன். எதிர் பிளாக்ல ஒரு பையன் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டான்.

உள்ள அம்மா காலையில இருந்து ஒன்னும் சாப்பிடாம உக்காந்திருக்காங்க. சுகர் மாத்திரை போடணும், சாப்பிடாம போட முடியாது, காக்கா எடுக்காம சாப்பிட மாட்டாங்க. பொண்ணு பசியில சுத்தி சுத்தி வர்றா. என் மனைவி ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே சமையல் முடிச்சுட்டு "சாம்பார் ஆறிப்போச்சுங்க"ன்னு மூணு தடவ சொல்லிட்டா. அப்போ படபடன்னு சத்தம், நான் சந்தோசமா திரும்பிப் பாத்தா புறா. ஒன்னு இல்ல, ஆறு. சோத்தை நாலாபக்கமும் இறைச்சு, வடையை உருட்டி கீழ தள்ளிவிட்டுட்டு போயிருச்சுங்க. அந்த வடை ரெண்டாவது மாடி சாரோட கார் மேல விழுந்தது பத்தி அப்புறம் சொல்றேன்.

பொண்ணு கேட்டா, "அப்பத்தா, புறா சாப்பிட்டா கணக்குல வராதா?"

அம்மா பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சு, "சரி இலையைப் போடு, பிள்ளை பசியோட இருக்கு"ன்னாங்க. சாப்பிடும்போது பாதியில, யாருக்கும் சொல்ற மாதிரி இல்லாம, "கோவமா இருக்காரு போல"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் அன்னிக்கு பூரா வீட்ல யாரும் சரியா பேசல.

இதுல கூத்து என்னன்னா, யாருக்காக அந்த காக்காவைக் கூப்பிட்டோமோ அந்த மனுசன், அதாவது எங்கப்பா, வாழ்நாள் பூரா இதை கிண்டல் பண்ணவரு. மானாமதுரையில மின்வாரிய வேலை, காலையில ஆறு மணிக்கு டீக்கடையில விடுதலை பேப்பர், வீட்டு சுவர்ல பெரியார் படம். அதே சுவர்ல ரெண்டடி தள்ளி அம்மாவோட முருகன் படம். ரெண்டு படத்துக்கும் நடுவுல ஒரு கடிகாரம், அது மட்டும்தான் பொது. அப்பத்தா இறந்த பிறகு அம்மா மாமியாருக்காக மாசாமாசம் காக்காவுக்கு வைப்பாங்க, அப்பா திண்ணையில உக்காந்துக்கிட்டு "எங்காத்தா உசுரோட இருக்கும்போது அரை வயித்துக் கஞ்சி, இப்ப வடை பாயாசமா"ம்பாரு. ஆனா ஒரு தடவகூட வைக்காதேன்னு சொன்னதில்ல. காக்கா வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் அவரும் சாப்பிட மாட்டாரு. கேட்டா "உங்கம்மா வராம நான் மட்டும் எப்படி சாப்பிடுறது"ன்னு சொல்லுவாரு. அதுதான் அவரு சொன்ன காரணம்.

அவருக்குன்னு வேற சடங்கு நிறைய இருந்துச்சு, அவரு அதுக்கு அந்தப் பேரு வைக்க மாட்டாரு அவ்ளோதான். ஒன்னாந்தேதி சம்பளக் கவரை அம்மா கையில கொடுக்கணும், மேசை மேல வைக்கக்கூடாது, அம்மா அடுப்படியில மாவு கையோட இருந்தா கை கழுவி வர்ற வரைக்கும் நிப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில அந்த கடிகாரத்துக்கு சாவி கொடுக்கிறது, எண்ணி பதினாலு திருகு. நாங்க யாரு ஊருக்கு கிளம்பினாலும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து பஸ் நகர்ற வரைக்கும் நிக்கிறது, ஆனா கை ஆட்ட மாட்டாரு, வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பாரு. நாங்க "போறேன்"னு சொன்னா அம்மா "வரேன்னு சொல்லு"ன்னு திருத்துவாங்க, அப்பா அதுக்கும் சிரிப்பாரு. ஆனா அவரும் வாழ்நாள்ல ஒருநாள்கூட போறேன்னு சொல்லிட்டு வாசல்படி இறங்கி நான் பாத்ததில்ல.

2021 நவம்பர்ல அவரு தவறினாரு. கார்த்திகை மாசம், தேய்பிறை பஞ்சமி. எனக்கு நவம்பர் 24 அப்படின்னுதான் பதிஞ்சிருக்கு, அம்மாவுக்கு பஞ்சமிதான். இந்த திதி கணக்கு ஒரு பெரிய தலைவலி, அம்மா மண்டையில இருந்த வரைக்கும் அது தலைவலின்னே எனக்குத் தெரியல. சந்திரன் சூரியனை விட்டு பன்னிரண்டு டிகிரி நகர்ந்தா ஒரு திதி, ஆனா சந்திரன் ஒரே வேகத்துல போறதில்லை, அதனால ஒரு திதி பத்தொன்பது மணி நேரத்துலயும் முடியும் இருபத்தாறு மணி நேரமும் இழுக்கும், காலண்டர் தேதியோட ஒட்டவே ஒட்டாது. அப்பா திதி ஒரு வருசம் நவம்பர் 20க்கு வருது, அடுத்த வருசம் டிசம்பர் ரெண்டாவது வாரத்துக்கு ஓடிப்போகுது. 2023ல ஆடி மாசத்துலயே ரெண்டு அமாவாசை, ஜூலை 17 ஒன்னு ஆகஸ்ட் 16 ஒன்னு, எதை ஆடி அமாவாசைன்னு எடுக்கிறதுன்னு எங்க சொந்தக்கார வாட்ஸப் குரூப்ல ரெண்டு நாள் சண்டை. அம்மா அப்போ ஊர்ல தனியா இருந்தாங்க, போன்ல கேட்டா "ரெண்டுக்கும் வச்சுட்டா போச்சு, சோறுதானே"ன்னுட்டாங்க.

சோறுதானேன்னு அவங்க சொல்லலாம். ஊர்ல காக்கா அப்படி வந்துச்சு. அம்மா கொல்லைப்பக்கம் கதவைத் திறக்கிற சத்தத்துக்கே ஓட்டு மேல நாலஞ்சு வந்து உக்காந்துரும். கூப்பிடவே வேண்டியதில்ல. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ அமாவாசைக்கு அம்மா "வாங்க வாங்க"ன்னு மரியாதையா கூப்பிடுவாங்க, மறுநாள் அதே காக்கா வத்தலைக் கொத்தினா "சனியனே போ"ன்னு வெரட்டுவாங்க. வந்தது மாமியார்னா இது எப்படி சரியா வரும்னு அப்பவே எனக்கு சந்தேகம்.

2024 ஆரம்பத்துல முட்டி வலி ரொம்ப அதிகமாகி அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தோம். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, முருகன் படம், பெரியார் படம், அந்த கடிகாரம் எல்லாம் வந்துச்சு. காக்கா வரல, அவ்ளோதான்.

அந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில ஏழு மணிக்கு நான் பல் தேச்சுக்கிட்டு இருக்கேன், அம்மா ஒரு பிடி சோத்தோட பால்கனியில நிக்கிறாங்க. என்னம்மான்னு கேட்டா, "அமாவாசைக்கு மட்டும் கூப்பிட்டா எப்படிப்பா வரும்? அதுக்கு நம்மளத் தெரியுமா என்ன? தினம் வச்சாத்தானே அன்னிக்கு வரும்"னாங்க.

எனக்கு இது ஒரு மாதிரி இடிச்ச மாதிரி இருந்துச்சு. இவ்ளோ வருசமா நான் அமாவாசைதான் சடங்கு, தினமும் ஒரு பிடி சோறு வைக்கிறது அம்மாவோட பழக்கம்னு நினைச்சிருந்தேன். மத்த இருபத்தெட்டு நாளும் வச்சதாலதான் அந்த ஒரு நாள் நடந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு நாப்பத்திரெண்டு வயசுல தெரியுது.

அம்மா சொன்னதுல விசயம் இருக்கு. அமெரிக்காவுல சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2006ல ஒரு குகைமனுசன் முகமூடியை மாட்டிக்கிட்டு காக்காக்களைப் பிடிச்சு கால்ல வளையம் மாட்டி விட்டாங்க. அதுக்கப்புறம் யாரு அந்த முகமூடியைப் போட்டுக்கிட்டு நடந்தாலும் காக்காக்கள் கூட்டமா சேந்து திட்டுச்சாம், பிடிபடாத காக்காவும் சேந்து திட்டுச்சாம், வருசக்கணக்கா. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காக அப்போ துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி முகமூடியையும் போட்டு நடந்து பாத்தாங்க, அவரை காக்கா பெருசா கண்டுக்கல. அது அமெரிக்கக் காக்கா, நம்ம ஊரு சாம்பல் கழுத்து காக்கா வேற இனம்தான். ஆனாலும் மானாமதுரை ஓட்டு மேல வந்தது அம்மா மூஞ்சிக்காக வந்துச்சுன்னு நான் இப்ப நம்புறேன்.

இந்த இடத்துல அந்த வாட்ஸப் பார்வர்டு பத்தி சொல்லியே ஆகணும். உங்களுக்கும் வந்திருக்கும். "மகாளய பட்சத்துலதான் காக்கா குஞ்சு பொரிக்கும், அதுக்கு சத்து வேணும்னுதான் முன்னோர்கள் சோறு வைக்கச் சொன்னாங்க, காக்கா தின்னு எச்சம் போட்டாத்தான் ஆலமரமும் அரசமரமும் முளைக்கும், என்னே அறிவியல்"னு. நம்ம ஊர்ல காக்கா பெரும்பாலும் கூடு கட்டுறது கோடை காலத்துலயும் அதை ஒட்டியும்தான். சித்திரை வைகாசியில குயில் அந்தக் கத்து கத்துதே, எதுக்கு? காக்கா கூட்டுல முட்டை போடத்தான். புரட்டாசியில இல்ல. ஆலம்பழத்தை மைனா திங்குது, குக்குறுவான் திங்குது, வவ்வால் திங்குது, எல்லாம்தான் விதையைக் கொண்டுபோய் போடுது. எனக்கு அந்த பார்வர்டு பொய்யா இருக்கிறதுகூட பெரிய எரிச்சல் இல்ல. இதுக்கு ஒரு அறிவியல் காரணம் இருந்தாத்தான் மரியாதைன்னு நினைக்கிறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். அம்மா சோறு வைக்கிறது அவங்க புருசனுக்கு. இதுல ஆலமரம் எங்க வந்துச்சு?

பழசுதான் வேணும்னா நிஜமாவே பழசு இருக்கு. குறுந்தொகையில 210ஆம் பாட்டு, வீட்டை விட்டுப் போன தலைவன் திரும்பி வந்துட்டான், தோழி சொல்றா, இவன் வருவான்னு கரைஞ்ச அந்த காக்காவுக்கு தொண்டியில விளைஞ்ச வெண்ணெல்லு சோறும் நள்ளிங்கிற சிற்றரசனோட காட்டுல மேயுற மாட்டு நெய்யும் ஏழு பானை நிறைய வச்சாலும் கம்மிதான்னு. அந்தப் பாட்டாலயே அதைப் பாடின புலவரம்மாவுக்கு காக்கைபாடினியார்னு பேரு வந்துருச்சு. அதுல முன்னோரும் இல்ல அமாவாசையும் இல்ல, போனவன் வரணும்ங்கிறது மட்டும்தான் இருக்கு.

சரி கதைக்கு வரேன். நாலு நாள்தான் போச்சு, அபார்ட்மென்ட் குரூப்ல ஒரு போட்டோ. ஒரு வெள்ளைக் கார், பேனட் மேல எண்ணெய்க் கறையோட ஒரு வடை, அதுக்குக் கீழ "பால்கனியில் பறவைகளுக்கு உணவு வைப்பதை உடனடியாக நிறுத்தவும்"னு. அதுக்கு பதினெட்டு பேர் கட்டைவிரல் போட்டிருந்தாங்க. ரெண்டாவது மாடி சாருதான். ரிட்டயர்டு ஆனவரு, அசோசியேசன்ல இருக்காரு, அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல, புறா எச்சம் நிஜமாவே பெரிய தொல்லை. நான் போய் மன்னிப்பு கேட்டேன். அவரு கதவைப் பாதி திறந்து வச்சுக்கிட்டே "சென்டிமென்ட் எல்லாம் சரி சார், காமன் ஏரியான்னு ஒன்னு இருக்குல்ல"ன்னாரு. கடைசியில மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி, ஒரு பிடிக்கு மேல வைக்கக்கூடாது, மிச்சம் கிடந்தா நாமளே கூட்டணும்னு ஒரு உடன்பாடு.

மொட்டை மாடிக்கு லிப்ட் கிடையாது. அஞ்சாவது மாடி வரைக்கும் லிப்ட், அங்கிருந்து இருபத்தோரு படி. அம்மா முட்டிக்கு அது ஆகாது. அப்போ யாரு போறது?

இங்கதான் என் மனைவி ஒரு கேள்வி கேட்டா, ரொம்ப நியாயமான கேள்வி. "ஏழு மணிக்கு சோறு வேணும்னா ஆறே முக்காலுக்கு குக்கர் இறங்கணும். எனக்கு ஏழே முக்காலுக்கு கேப் வருது. நான் காலையில இட்லிதான் வைக்கிறேன். இந்த சோத்தை யாரு வடிக்கிறது?" நம்ம வீடுகள்ல சடங்கு பத்தி பேசுறவங்க எல்லாம் சாமியைப் பத்தி பேசுவாங்க, நம்பிக்கையைப் பத்தி பேசுவாங்க, நாலரை மணிக்கு எந்திரிக்கிறவங்களைப் பத்தி பேச மாட்டாங்க. எங்கம்மா அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரியே அடுப்பைக் கழுவி, காலையில குளிச்சுட்டு, வெங்காயம் பூண்டு இல்லாம அஞ்சு வகை பண்ணி, எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு மூணு மணிக்கு சாப்பிட்டதை நான் முப்பது வருசம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். அப்பா கிண்டல் பண்ணாரு, நான் வடை தின்னேன், ரெண்டு பேருமே ஒரு துரும்பை எடுத்துப் போடல.

அதனால சோறு நான் வடிக்கிறேன்னு ஆச்சு. ஒரு சின்ன கிண்ணத்துல ஒரு பிடி அரிசி, இட்லிப் பானைக்குப் பக்கத்து அடுப்புல. முதல் வாரம் ரெண்டு நாள் தீஞ்சு போச்சு. அமாவாசைக்கு அஞ்சு வகை எல்லாம் முடியாது, மூணு போதும்னு மனைவி சொன்னா, அம்மா ஒரு நிமிசம்கூட யோசிக்கல, "இருக்கிறத வைப்போம், அவரு என்ன எண்ணியா பாக்கப் போறாரு"ன்னாங்க. நான்தான் அம்மா கோவப்படுவாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.

மொட்டை மாடியில மூணு வாரத்துக்கு மேல ஒன்னும் வரல. வைப்பேன், கா கான்னு ரெண்டு தடவ கூப்பிடுவேன், பத்து நிமிசம் நிப்பேன், இறங்கி வந்துருவேன். சாயங்காலம் போய் பாத்தா எறும்பு. அணில் ஒன்னு வந்துச்சு. கீழ வந்ததும் அம்மா மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்குவாங்க, கேக்க மாட்டாங்க. எனக்கே நான் ஏன் இதைப் பண்றேன்னு தெரியல. நம்பிக்கை இருக்கான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன், நானும் அப்பா பிள்ளைதான். ஆனா ஆறே முக்காலுக்கு கை தானா அரிசி டப்பாவுக்குப் போகுது.

அப்புறம் ஒருநாள் டேங்க் மேல ஒன்னு உக்காந்திருந்துச்சு. கிட்ட வரல. இடது றெக்கையில ஒரு இறகு மட்டும் வெளிய துருத்திக்கிட்டு, ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சு பாத்துச்சு. நான் இறங்கி கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். வந்து ஒரே ஒரு வாய் எடுத்துட்டு பறந்துருச்சு. நான் படியில ரெண்டு ரெண்டா தாவி ஓடி வந்து "ம்மா எடுத்துருச்சு"ன்னு கத்துறேன், மனைவி பயந்து அடுப்படியில இருந்து வெளிய வர்றா, என்ன ஆச்சோன்னு. அம்மா "எடுத்துருச்சா"ன்னு கேட்டுட்டு உடனே மாத்திரை டப்பாவை எடுத்தாங்க, ஏதோ அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி. அன்னிக்கு அமாவாசைகூட இல்ல, சும்மா ஒரு செவ்வாக்கிழமை.

காந்தி ஜெயந்தி அன்னிக்கு, அக்டோபர் 2, மகாளய அமாவாசை, மூணு காக்கா வந்துச்சு. அம்மாவை அன்னிக்கு நானும் மனைவியும் ரெண்டு பக்கமும் பிடிச்சு இருபத்தோரு படியும் ஏத்திக் கூட்டிட்டுப் போனோம், கால் மணி நேரம் ஆச்சு. பொண்ணு அங்கதான் அந்தக் கேள்வியைக் கேட்டா. "அப்பத்தா, தாத்தாவுக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை இல்லல்ல, அப்புறம் எப்படி காக்காவா வருவாரு?"

"அவருக்கு இல்ல. எனக்கு இருக்குல்ல. சோறு நான்தானே வைக்கிறேன்."

பொண்ணு கொஞ்ச நேரம் அந்த இறகு துருத்தின காக்காவையே பாத்துட்டு, "இது தாத்தா இல்ல, தாத்தா இவ்ளோ நேரம் எல்லாம் வெயிட் பண்ண மாட்டாரு"ன்னா. அம்மா சிரிச்ச சிரிப்பை நான் மூணு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

பொங்கல் முடிஞ்சு அம்மா கோயம்புத்தூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க, ரெண்டு மாசம். இனிமே காலையில அரை மணி நேரம் மிச்சம்னுதான் நான் முதல்ல நினைச்சேன். மறுநாள் ஆறே முக்காலுக்கு எந்திரிச்சு பாத்தா மனைவி இட்லிப் பானைக்குப் பக்கத்து அடுப்பை காலியா விட்டு வச்சிருக்கா. அவளும் ஒன்னும் சொல்லல, நானும் ஒன்னும் சொல்லல. அதுக்கப்புறம் அம்மா தினமும் காலையில எட்டு மணிக்கு போன் பண்ணுவாங்க. முன்னாடி எல்லாம் எங்க போன் பேச்சு எப்படி இருக்கும்னா, சாப்டியா, சாப்டேன், உடம்பு எப்படி, இருக்கு, சரி வைக்கிறேன், அவ்ளோதான், முப்பது செகண்டு. இப்ப "வந்துச்சா?"ன்னு கேப்பாங்க. வந்துச்சு, இன்னிக்கு ரெண்டு, ஒன்னு புதுசு, கழுத்து ரொம்ப கருப்பா இருக்கு, அண்டங்காக்காவான்னு தெரியல. அது அண்டங்காக்கானா மூக்கு பெருசா இருக்கும் பாரு. அப்படியே பேச்சு இழுத்துக்கிட்டு போய் அக்கா வீட்டு சமையல், மச்சானோட பிபி, ஊர்ல வீட்டை வாடகைக்கு விடலாமா வேண்டாமான்னு கால் மணி நேரம் ஓடும். அப்பா இறந்தப்பகூட நாங்க ரெண்டு பேரும் அவ்ளோ பேசினதில்ல.

ஜனவரி 29 தை அமாவாசைக்கு அம்மா இல்ல, நாங்களே வச்சோம். மனைவிதான் கேட்டா, மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்கன்னு. சாத்தூர் காராச்சேவு. அவரு டீக்கடையில இருந்து வரும்போது சட்டைப் பையிலயே கொஞ்சம் போட்டுக்கிட்டு வருவாரு, சட்டை துவைக்கும்போது அம்மா திட்டுவாங்க. இங்க ஒரு கடையில வாங்கி வச்சோம், அது சாத்தூர் சேவான்னு சொல்ல முடியாது, இருந்தாலும் வச்சோம். நம்ம இறகு ஆளு சோத்தைத் தொடவே இல்ல, சேவை மட்டும் ஒவ்வொன்னா பொறுக்கிச்சு. காக்காவுக்கு மொறுமொறுன்னு இருந்தா பிடிக்கும், வேற ஒன்னுமில்ல, எனக்குத் தெரியும். நான் அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் வரல. ராத்திரி அக்கா போன் பண்ணி "என்னடா அனுப்பின, அம்மா அதையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்காங்க"ன்னா.

இப்ப வீட்ல இது மட்டும் இல்ல, சின்னச் சின்னதா வேறயும் சேந்திருச்சு. கடிகாரத்துக்கு ஞாயித்துக்கிழமை சாவி கொடுக்கிறது பொண்ணோட வேலை, பதினாலுக்கு மேல திருகக்கூடாதுன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க, ஏன்னு அவளுக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பதரைக்கு நானும் மனைவியும் பால்கனியில டீ, அப்போ ஸ்கூல் பீஸ் பத்தியும் லோன் பத்தியும் பேசக்கூடாது, இந்த ரூல் யாரு போட்டதுன்னு ஞாபகமில்ல. சாயங்காலம் ஆறு மணி விளக்கு அம்மா இருந்தா ஏத்துவாங்க, இல்லாட்டி இல்ல, அதை நாங்க யாரும் எடுத்துக்கல. எடுத்துக்கணும்னு கட்டாயப்படுத்தவும் இல்ல. சிலது அவங்களோட போயிரும்னு அவங்களுக்கே தெரியும் போல.

2025 செப்டம்பர் 21, ஞாயித்துக்கிழமை, மறுபடியும் மகாளய அமாவாசை. அம்மா கீழ சாமி கும்பிட்டுட்டு இருந்தாங்க, நான் இலையோட மேல போறேன், மொட்டை மாடி கதவு ஏற்கனவே திறந்திருக்கு. டேங்குக்குப் பின்னாடி ரெண்டாவது மாடி சார் நிக்கிறாரு. வேட்டி, நெத்தியில திருநீறு, கையில ஒரு சின்ன இலை. என்னைப் பாத்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம இலையைக் கொஞ்சம் பின்னாடி மறைச்சாரு.

"அம்மா போன மாசம் தவறிட்டாங்க சார். ஊர்ல தம்பி எல்லாம் பண்ணிட்டான். இங்கயும் ஒன்னு வைக்கலாம்னு..." அப்படின்னு இழுத்தாரு. அப்புறம், "அரை மணி நேரமா கூப்பிடுறேன். வர மாட்டேங்குது. உங்க காக்கா வருமா?"

எங்க காக்கா. பதினெட்டு கட்டைவிரல் ஞாபகம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, சிரிக்கல. "நீங்க இலையை அந்தச் சுவர் மேல வச்சுட்டு கதவுப் பக்கம் தள்ளி நில்லுங்க சார், புது ஆளைப் பாத்தா வராது"ன்னு சொல்லிட்டு என் இலையைக் கீழயே வச்சுட்டு கூப்பிட்டேன். ரெண்டே தடவதான். பக்கத்து பில்டிங் செல்போன் டவர்ல இருந்து இறகு ஆளு இறங்கி வந்துச்சு, என்னை ஒரு தடவ பாத்துச்சு, இலையை ஒரு தடவ பாத்துச்சு. அவரு இலையில தயிர் சாதம், ஒரு அதிரசம், நாலஞ்சு துண்டு மாவடு. அதிரசத்தைத் தூக்கிக்கிட்டு ஒரே பறப்பு.

திரும்பிப் பாத்தேன், அவரு சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, தோள் மட்டும் அசையுது. "சுகருன்னு கடைசி ஆறு வருசம் அதிரசத்தை அவங்க கண்ணுலயே காட்டல சார்"னாரு.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க இலையையும் வச்சேன், ரெண்டு காக்கா வந்து எடுத்துச்சு, சிந்தினதை ரெண்டு பேருமா கூட்டி அள்ளினோம். லிப்ட்ல இறங்கும்போது அவரு டேங்க் கழுவி ஆறு மாசம் ஆகுது, இந்த மாச மெயின்டனன்ஸ்ல அதைச் சேக்கணும்னாரு. சேக்கலாம் சார்னேன். ரெண்டாவது மாடி வந்ததும் "வரேன்"னு சொல்லிட்டு இறங்கினாரு.